பெயரில்லாத சிவப்புக் குறி

காப்பி அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பத்தாம் வகுப்பில் பின் பெஞ்சுக்காரி என் தாளை எட்டிப் பார்த்து எழுதியதற்கு என்னையும் சேர்த்து வெயிலில் நிற்க வைத்தார்கள். "நீ காட்டாமலா அவ எழுதினா?" என்று டீச்சர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். உச்சி வெயிலில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடமே பார்க்க நின்றேன். அந்த ஆத்திரம் எனக்கு இருபத்தைந்து வருடமாகியும் தீரவில்லை. கரூரை விட்டு வந்து, கல்யாணமாகி, கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃப்ளாட்டும் மண்ணூர்பேட்டையில் ஒரு வேலையும் ஆன பிறகும் அது உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தது. அது தெரியவந்த விதம்தான் நன்றாக இல்லை.

இணையதளம் செய்து கொடுப்பது என் வேலை. தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள் ஆறு பேர். கீழே மிஷின் ஓட ஆரம்பித்தால் மேலே என் டீ டம்ளர் மேசையில் தானாக நகரும். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

குமணன்சாவடியில் ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி மையம் எங்களுடைய பழைய வாடிக்கையாளர். கம்பெனிகளில் லைனில் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு அங்கே தர ஆய்வு சொல்லிக் கொடுத்தார்கள். தயாரான பொருளை அளந்து பார்த்து, சரியா தவறா என்று முடிவு சொல்லும் வேலை. அந்த வேலைக்குப் போய்விட்டால் உட்கார நாற்காலி உண்டு, கம்பெனியின் நிரந்தர ஊழியர் என்ற அட்டையும் உண்டு. மையத்தை நடத்தியவர் ஒரு தொழிற்சாலையில் அதே வேலையை முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை சார் என்று கூப்பிட்டோம்.

ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டு, "நம்ம வெப்சைட்லயே பாடமும் வேணும்மா, பரீட்சையும் வேணும். தனியா இன்னொண்ணு வாங்குங்கன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

அவருடைய இணையதளம் ஒரு சி.எம்.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தது. கணினி அதிகம் தெரியாதவர்கள்கூட ஒரு செய்தியை எழுதி, படத்தைச் சேர்த்து, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும், ஊருக்கே தெரியும்படி போட்டுவிடும் மென்பொருள் அது. சார் அதை அறிவிப்புப் பலகையாகத்தான் வைத்திருந்தார். நாளைக்கு வகுப்பு இல்லை, மிலாது நபி விடுமுறை, புதிய பேட்ச் ஆரம்பம், இவ்வளவுதான். எதைப் போட்டாலும் மாணவிகளின் வாட்ஸாப் குழுவுக்கு அதன் சுட்டி தானாகவே போகும்படி நான்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் செய்து கொடுத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால் அந்த மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே வேலை வெளியிடுவது.

அதன் மேல் ஒரு மாடி எடுத்தேன். ஒவ்வொரு பாடமும் ஒரு செய்தி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு செய்தி. பல கேள்விகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தேர்வு. தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் இன்னொரு செய்தி. அடித்தளம் அறிவிப்புப் பலகைக்காகப் போட்டது என்பதை நான் மறக்கவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "எல்லாரும் வேலைக்குப் போற பொண்ணுங்க. ஒருத்திக்கு காலை ஷிஃப்ட், ஒருத்திக்கு மதியம். இந்த நேரத்துக்கு வந்து எழுதுன்னு சொல்ல முடியாது. காலைலேர்ந்து சாயங்காலம் வரை திறந்தே இருக்கட்டும்."

அதனால் தேர்வுப் பக்கத்தின் தலையில் இப்படி எழுதி வைத்தேன்: 'காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் திறக்கலாம். அவசரம் வேண்டாம்.' அந்த 'அவசரம் வேண்டாம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெரிய மனசுக்காரி மாதிரி ஒரு நினைப்பு.

ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று காட்ட ஒரு கடிகாரமும் வைத்தேன். எங்கள் பக்கத்தில் சிக்னல் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாதியில் அறுந்துபோய்த் திரும்ப வருகிறவளுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தால் சண்டைக்கு வருவாள். ஆகவே பக்கத்தை மறுபடி திறந்தால் பழைய நேரத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்று எழுதினேன். மூன்றே வரி நிரல்தான். நல்ல எண்ணத்தில் எழுதியது.

அடுத்தது யாரும் கேட்காமல் நானாகச் செய்தது. கேள்விக்குப் பத்து நொடிகூட எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் அநேகமாக எல்லா விடையும் சரியாகப் போட்டால், அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் வரும். அதன் மேல் விரலை வைத்தால், 'விடைகள் நேர்மையற்ற முறையில் பெறப்பட்டவை எனக் கருதப்படுகிறது' என்று தெரியும். ஒரு மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். பின் பெஞ்சுக்காரி ஞாபகத்தில் இருந்தாள். சாரிடம் காட்டியபோது குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "ரெட் டேக் மாதிரியே இருக்கும்மா!" என்றார். தொழிற்சாலையில் கழித்துக்கட்டும் பொருளின் கழுத்தில் கட்டும் சிவப்புச் சீட்டைச் சொன்னார். எனக்கு அப்போது அது பாராட்டாகத்தான் கேட்டது.

அந்த பேட்சின் கடைசித் தேர்வு சாதாரணத் தேர்வு இல்லை. உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி, முதல் எட்டு இடத்தில் வருகிறவர்களை நேர்முகத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மாணவிகளில் பெரும்பாலோர் கான்ட்ராக்டில் இருந்தவர்கள். மாதம் முடிந்ததும் அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்றால் மறுநாள் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். அவர்களுக்கு இந்த எட்டு இடம் எவ்வளவு பெரிதென்று சார் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

தேர்வு ஒரு புதன்கிழமை நடந்தது. முப்பது கேள்விகள். எதுவும் நின்றுபோகவில்லை, யாரும் ஃபோன் செய்து கத்தவில்லை. வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். முதல் வரியிலேயே சிவப்பு வட்டம். முப்பதுக்கு இருபத்தொன்பது. எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடம் பத்து நொடி.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. "மாட்டினா பாரு!" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சார் ஃபோன் செய்தார். "என்னம்மா இது? நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே."

"சார், முப்பது கேள்வியைப் படிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் பத்தாது. யாரோ விடையை அனுப்பியிருக்காங்க, இந்தம்மா உட்கார்ந்து தட்டியிருக்காங்க. சந்தேகமே வேணாம்."

"சந்தேகமே இல்லையா?"

"இல்ல சார்."

சார் நல்ல மனிதர்தான். ஆனால் முப்பது வருடம் அளவுகருவி காட்டியதை நம்பியே பழகியவர். அவளை எடுத்துவிட்டு ஒன்பதாவதாக இருந்தவளைச் சேர்த்து எட்டுப் பேர் பட்டியலை அன்றைக்கே கம்பெனிக்கு அனுப்பினார். அந்தப் பெண் ஃபோன் செய்தபோது, "சிஸ்டம் காட்டுதும்மா, நான் என்ன பண்ண முடியும்?" என்று வைத்துவிட்டாராம். நான் அன்று மத்தியானம் தயிர்சாதமும் மாவடுவும் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், வீடியோ பாடங்களை ஏற்றுவது எப்படி என்று சாருக்குக் காட்டக் குமணன்சாவடிக்குப் போயிருந்தேன். அவர் மேசையில் அவருடைய கணினிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். படியேறி ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் கம்பெனியின் சாம்பல் நிறக் கோட்டு. தோளில் சாப்பாட்டுப் பை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"சார், உங்களாண்ட ஒரு விசயம் கேக்கணும்."

சார் முகம் இறுகியது. "அன்னிக்கே சொல்லிட்டேனேம்மா. சிஸ்டம் காட்டுது."

"அத்தான் சார் கேக்க வந்துகீறேன். சிஸ்டம்னா யாரு?"

சார் என் பக்கம் கையைக் காட்டினார். "இவங்கதான் பண்ணிக் குடுத்தாங்க."

பட்டியலின் முதல் வரியில் இருந்தவள் இவள்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாற்காலியைத் திருப்பி, எனக்குத் தெரிந்த மிக மரியாதையான குரலில் கேட்டேன். அந்தக் குரல் எப்போது வரும் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். "ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்ல முப்பது கேள்விக்கு பதில் போட்டிருக்கீங்க. எப்படிங்க?"

"ஆமா மேடம். பதில தட்டி உட அவ்ளோதான் ஆச்சி."

"அப்ப கேள்வியை எப்ப படிச்சீங்க?"

"காலைல பஸ்லதான்."

எனக்குப் புரியவில்லை. அவள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். அட்டையில் குழம்புக் கறை காய்ந்திருந்தது. அதை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஆவடில ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸு மேடம். கேட்டாண்ட போன வாங்கி லாக்கர்ல வெச்சிடுவாங்கோ, உள்ள எட்த்துனு போவ முடியாது. சாய்ங்காலம்தான் குடுப்பாங்கோ. அதான் பஸ்ல போசொல்லோ கேள்வி அத்தினியும் நோட்ல எழ்திகினேன். சாப்பாட்டு டைம்ல ஒக்காந்து கணக்கெல்லாம் போட்டேன். சாய்ங்காலம் போன் கைக்கு வந்துச்சி, பஸ்ல ஏறி பதில மட்டும் தட்டி உட்டேன். நீங்கதான மேடம் போட்டுக்கீறீங்கோ?"

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தின் உச்சியில், நீல மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: 'பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் திறக்கலாம். அவசரம் வேண்டாம்.'

என் வாக்கியம். அவள் கையெழுத்து.

சார் ஏதோ கேட்டார், அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நான் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். முப்பது கேள்விகளும் இருந்தன. ரோட்டில் பள்ளம் வந்த இடத்திலெல்லாம் எழுத்து குதித்திருந்தது. பத்தாவது கேள்வியில் ஒரு கோடு பக்கத்தின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் பென்சிலில் கணக்கு. இந்த எழுத்து நிதானமாக இருந்தது. இது சாப்பாட்டு நேரத்தில் எழுதியது. ஒரு விடையைப் போட்டு, அடித்து, மறுபடி போட்டு, பக்கத்தில் ஏன் என்றும் எழுதியிருந்தாள். அரை மணி நேரச் சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிட்டிருக்கவே முடியாது.

காலையில் திறந்த நேரத்தை அழித்தது என் மூன்று வரி. மாலையில் திறந்ததிலிருந்துதான் கடிகாரம் எண்ணியிருக்கிறது.

சர்வரில் யார் எந்த நொடியில் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவு தனியாக இருக்கும். என் மூன்று வரி அதைத் தொடாது. சாரின் கணினியிலேயே அதைத் திறந்தேன். காலை ஆறு இருபத்தொன்றுக்கு அவள் திறந்திருந்தாள். ஐம்பத்தெட்டு நிமிடம் திறந்து வைத்திருந்தாள். இந்தப் பதிவு அந்த வியாழக்கிழமை காலையிலும் அங்கேதான் இருந்தது. பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. சந்தேகம் வந்திருந்தால்தானே பார்க்கத் தோன்றியிருக்கும்?

சார் நோட்டை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாள் தாளாகப் பார்த்தார். பதினேழாவது கேள்வியில் நின்றார். அவள் தவறாகப் போட்டதாகக் கணினி சொன்ன ஒரே கேள்வி அது. இரும்புத் தண்டு ஒன்று இருக்க வேண்டிய பருமனைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கிறது, என்ன செய்வாய் என்பது கேள்வி. அவள் எழுதியிருந்ததைச் சார் வாய்விட்டுப் படித்தார்: "'பெருசா இருந்தா தேச்சா சரியாகும். சின்னதா இருந்தாதான் தூக்கிப் போடணும். ரீவொர்க்.'"

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு நான் என்ன விடை குடுத்தேன்?"

திறந்து பார்த்தேன். "கழிக்க வேண்டும்னு இருக்கு சார்."

அவர் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். "தேய்க்கலாமே. தேய்ச்சா சரியாயிடுமே. எத்தனை தண்டைத் தேய்க்க அனுப்பியிருக்கேன் நான்." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "அப்ப முப்பதுக்கு முப்பது."

உடனே கம்பெனிக்கு ஃபோன் செய்தார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. சார் குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனது. ஃபோனை வைத்துவிட்டு, "இன்டர்வியூ திங்கக்கிழமையே முடிஞ்சிருச்சாம். ஆள் எடுத்துட்டாங்களாம். அடுத்த தடவை பாக்கலாங்கறாங்க" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் அவள். "எங்க லைன்லயே ரெண்டு பேருக்கு ஆர்டர் வந்துட்ச்சி. நான் அதுக்கு வர்ல."

"வேற எதுக்கும்மா?"

அவள் அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். உட்காரச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

"பஸ்ல எம்பக்கத்துல யாரும் ஒக்கார மாட்றாங்கோ சார். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்றதில்ல. கேட்டாக்கூட பதில் சொல்லிக்கலாம். நான் ஒக்காந்தா டிபன் டப்பாவ தூக்கினு அடுத்த சீட்டுக்குப் பூட்றாங்கோ. நாலு வருசமா ஒண்ணா போயி வர்ற பொண்ணுங்கோ."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அந்தப் பட்டியல் சார் ஒருவர் மட்டும் பார்ப்பதற்காக நான் செய்தது.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். ஃபோனை எடுத்து நீட்டினாள். மாணவிகள் குழுவில், வியாழக்கிழமை காலை வந்த செய்தி. 'தேர்வு முடிவுகள்.' சுட்டியைத் தொட்டால் மையத்தின் முகப்புப் பக்கம். முதல் வரியில் அவள் பெயர், பக்கத்தில் சிவப்பு வட்டம். வட்டத்தைத் தொட்டால் நான் யோசித்து யோசித்து எழுதிய அந்த வாக்கியம்.

மதிப்பெண் பட்டியலும் ஒரு செய்திதான் என்று வைத்தேன் அல்லவா? செய்தி என்றால் அந்த மென்பொருள் வெளியிடும். வெளியிட்டால் குழுவுக்கு அனுப்பும். வெளியிடாதே என்று ஒரு இடத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். ஒன்பது நாளாக அது எல்லார் கையிலும் இருந்திருக்கிறது. சார் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று எனக்கு ஃபோனே செய்திருக்கிறார். இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டாராம்.

"இப்பவே எடுத்துடறேன்" என்று கீபோர்டின் பக்கம் பாய்ந்தேன்.

"எடுக்காதீங்கோ."

கை நின்றது.

"எட்த்துட்டா யாருக்குத் தெரியும் மேடம்? நானே உங்க கால்ல கையில உயிந்து எடுக்க வெச்சேன்னு சொல்வாங்கோ. எங்க போட்டீங்களோ அங்கியே போடுங்கோ. நான் அப்டி செய்லன்னு."

சரி என்று புதுச் செய்தி ஒன்றைத் திறந்து வேகமாகத் தட்டினேன். எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது, விரல் தானாக அடிக்கும். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தேர்வு முடிவுகளில் ஏற்பட்ட பிழை சரிசெய்யப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "யாரு மேடம் இந்தக் கோளாறு?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"எங்க கம்பெனில ஒரு பீஸுக்கு ரெட் டேக் கட்னா, கட்னவங்கோ அதுல பேர் எழ்தணும் மேடம். தேதி எழ்தணும். இன்னாத்துக்கு கட்னோம்னு எழ்தணும். நாளைக்கு அந்த பீஸு நல்லாத்தான் கீதுன்னு தெரிஞ்சா யாராண்ட போயி கேக்கறது? ஒரு இரும்புத் துண்டுக்கே அத்தினி கீது. எம்பேருக்குப் பக்கத்துல செவப்பு வெச்சீங்கோ. வெச்சவங்கோ பேரு எங்க?"

சார் தலையைக் குனிந்தபடியே சொன்னார். "அவ சொல்றது சரிம்மா. பேர் இல்லாத டேக் செல்லாது."

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பயம்தான். இது வாடிக்கையாளரின் இணையதளம். என் பெயரைப் போட்டு நானே தப்பு செய்தேன் என்று எழுதினால் முதலாளி என்ன சொல்வார், நாளைக்கு வேறு வேலை தேடும்போது யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகுதான் கொடிக்கம்பம் ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் முடிவு செய்துவிட்ட அந்த டீச்சரை இருபத்தைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இவளை வெயிலில் நிறுத்தியவள் நான். அவராவது நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டார். நான் அதுகூடக் கேட்கவில்லை.

தட்டியதை அழித்தேன். வேறு எழுதினேன். 'இந்தத் தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி போட்டது நான். அவர் காலையில் பஸ்ஸில் கேள்விகளை எழுதி எடுத்த ஒரு மணி நேரத்தை நான் எழுதிய நிரல் அழித்துவிட்டது. சரிபார்க்க வழி இருந்தும் நான் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. அவர் யாரையும் பார்த்து எழுதவில்லை.' கீழே தேதி. அதன் கீழே என் பெயர், இன்ஷியலோடு.

"கொஞ்சம் தள்ளும்மா" என்று சார் கீபோர்டை இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். 'பதினேழாவது கேள்விக்குத் தவறான விடை கொடுத்தது நான். அவர் எழுதியதே சரி. முப்பதுக்கு முப்பது.' அவரும் பெயரைப் போட்டார்.

'வெளியிடு' என்ற பொத்தானை எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பேனோ தெரியாது. அன்றைக்கு எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அழுத்தினேன். அவள் கையிலிருந்த ஃபோன் உடனே ஒலித்தது, பிறகு மேசையிலிருந்த சாருடையது. அவள் திறந்து, மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தாள். கீழே இருந்த இரண்டு பெயர்களையும் படித்தாள். நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"பஸ்ஸுக்கு டைம் ஆச்சி மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "சிஸ்டம்தானே தப்பு பண்ணுச்சு, நீ ஏன் அழற?" என்றார் ஆறுதலாக. எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை வைத்த சத்தம் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த மூன்று வரியைத் திருத்தினேன். இப்போது யார் எத்தனை முறை திறந்தாலும் எல்லா நேரமும் பதிவில் இருக்கும். பட்டியல் தானாக வெளியே போகாது. சிவப்பு வட்டமும் தானாக வராது. யாராவது ஒருவர் வைக்க வேண்டும். வைக்கப் போனால், 'வைப்பவர் பெயர், தேதி, காரணம்' என்று மூன்று கட்டங்கள் கேட்கும். மூன்றும் நிரம்பாமல் அது நகராது. அதற்குப் பிறகு இரண்டு பேட்ச் தேர்வு எழுதிவிட்டது. ஒரு தடவை சார் யாரோ ஒருத்தி மேல் சந்தேகம் என்று எனக்கு ஃபோன் செய்தார். சிவப்பு வைத்துவிடுங்கள் சார், உங்கள் பெயரைப் போட்டு என்றேன். "இரும்மா, முதல்ல அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேக்கறேன்" என்று வைத்துவிட்டார். இதுவரை ஒரு சிவப்பு வட்டம்கூட விழவில்லை.

முதலாளி நான் பெயர் போட்டு எழுதிய அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். என் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான், கம்பெனிக்குக் கெட்ட பெயர், எடுத்துவிடு என்றார். அந்தப் பெண்ணைக் கேட்டுச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் அவளிடம் கேட்கவில்லை. பக்கம் அப்படியே இருக்கிறது.

அவளைப் பற்றிக் கடைசியாகச் சார் ஃபோனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரத்தில் மாதம் முடிந்தது. அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. பூந்தமல்லி தாண்டி வேறொரு கம்பெனியில், மறுபடியும் கான்ட்ராக்டில், மறுபடியும் லைனில் நிற்கிறாளாம். உட்கார வேண்டிய நாற்காலியில் ஒன்பதாவதாக வந்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அப்படி உட்கார்ந்தவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் எதைத் திருத்தினாலும் இது திரும்பாது. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஃபோனை வைப்பதற்கு முன்னால் சார் ஒன்று சொன்னார். அந்தக் கடைசி மூன்று வாரமும் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாக இல்லையாம்.